நாலு பெட்டியில் வந்த கட்டில்

காலை பத்து மணிக்கு நாலு அட்டைப் பெட்டிகளும் இரண்டாம் மாடிக்கு வந்து சேர்ந்தபோதே அக்காவின் கோபம் மூக்குக்கு மேல் ஏறியிருந்தது. லிஃப்ட் ஓடவில்லை. வண்டிக்காரர்கள் பெட்டிகளைக் கீழ் வாசலில் இறக்கி, கையெழுத்து வாங்கிக்கொண்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டார்கள். ஒவ்வொரு பெட்டியும் ஓர் ஆள் கனம். தம்பி முன்னால் பிடிக்க, அவள் பின்னால் பிடிக்க, நாலு முறை ஏறி இறங்கினார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் தம்பி, "பாத்துக்கா, மூலை இடிக்கப்போகுது" என்றான். மூலை அவளுடைய சுண்டுவிரலைத்தான் இடித்தது. அதை யாரும் விசாரிக்கவில்லை.

அக்கா ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் பதினாறு வருடமாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். எதிரே லாரி வரும்போதும் குரலை உயர்த்தாமல், "பரவாயில்லை, மெதுவா பிரேக்கை மிதிங்க" என்று சொல்லக்கூடியவள். அந்தப் பொறுமையெல்லாம் சம்பளத்துக்கு, வீட்டுக்கு வரும்போது மிச்சமிருக்காது என்று அவளே சொல்லிக்கொள்வாள். கல்யாணம் ஆகி இரண்டே வருடத்தில் ஒத்துவராமல் திரும்பி வந்தவள். அதன்பின் இந்த வீட்டில் அவளும் அப்பாவும்தான்.

அப்பா தண்ணீர் வாரியத்தில் வீடு வீடாகப் போய் மீட்டர் பார்த்தவர். முப்பத்திரண்டு வருடம் தெருத்தெருவாக நடந்த கால். இப்போது இடுப்பு மூட்டு தேய்ந்துபோய், கட்டிலிலிருந்து நாற்காலிக்குப் போவதென்றால்கூட அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டுதான் எழுந்திருக்க வேண்டும். காலையில் மூன்று தடவை, மாலையில் மூன்று தடவை. இடையில் பகல் நேரத்துக்கு ஒரு பிசியோதெரபி நிலையத்தின் வேன் வந்து அழைத்துப்போய், நாலு மணிக்குக் கொண்டுவந்து விடும். பழைய கட்டில் முழங்கால் உயரம்கூட இல்லை. குனிந்து குனிந்து தூக்கி அவளுடைய இடுப்பும் பிடித்துக்கொண்டுவிட்டது.

தம்பி பதினொரு வருடமாக வெளிநாட்டில் இருக்கிறான். இந்த முறை நாலு வருடம் கழித்துப் பன்னிரண்டு நாள் விடுப்பில் வந்திருந்தான். வராத வருடங்களில் பொருள்கள் வரும். ரத்த அழுத்தம் பார்க்கிற கருவி, கால் பிடித்துவிடும் இயந்திரம், நுனியில் விளக்கு எரிகிற கைத்தடி. ஒவ்வொன்றும் வந்து இறங்கும்போது அக்கா, "துரை அனுப்பியிருக்கார்" என்பாள். அப்பா அதைக் கேலி என்று எடுத்துக்கொள்ள மாட்டார். பக்கத்து வீட்டுக்கெல்லாம் காட்டுவார்.

இந்தக் கட்டில் அந்த வரிசையில் பெரியது. பக்கத்தில் ஒரு கைப்பிடி. அதைச் சுற்றினால் தலைப்பக்கம் உயரும். இன்னொன்றைச் சுற்றினால் கட்டிலே உயரும். ஆள் விழாமல் இருக்கத் தடுப்பு. தம்பி அங்கிருந்தே கப்பலில் போட்டு, தான் இறங்கும் வாரத்தில் இதுவும் வந்து சேருகிற மாதிரி செய்திருந்தான். பழைய கட்டிலை முந்தின நாளே வாசல் காவலாளிக்குக் கொடுத்தாகிவிட்டது. அதுவும் அவன் யோசனைதான். அப்பா நேற்று இரவு தரையில் மெத்தையில் படுத்தார். காலையில் அவரைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்த இரண்டு பேருக்கும் கால் மணி நேரம் ஆனது.

"நாலு மணிக்கு அப்பா வந்துடுவார். அதுக்குள்ள முடியுமா?" என்று கேட்டாள்.

"அங்கெல்லாம் இதை ஒரு ஆள் ஒரு மணி நேரத்துல முடிச்சிடுவான். நாம ரெண்டு பேர் இருக்கோம்."

பெட்டிகளைக் கிழித்தார்கள். அறை முழுக்கப் பலகையும் இரும்புச் சட்டமும். ஒரு பிளாஸ்டிக் பையில் போல்ட்டு, நட்டு, திருகு, மரக்குச்சி எல்லாம் சேர்ந்து குலுங்கின. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு தடித்த புத்தகம். அக்கா அதைப் புரட்டிப் பார்த்தாள். முழுவதும் அந்த நாட்டு மொழி. எழுத்துக்குத் தலையில் புள்ளி, காலில் வால். நாலு பக்கத்துக்கு ஒரு படம், அதுவும் கரிக்கோடு இழுத்த மாதிரி மங்கலாக.

"இதுல நமக்குப் புரியற பாஷையே இல்லையேடா."

தம்பி புத்தகத்தை வாங்கிக்கொண்டான். "நான் இருக்கேன்ல. அப்புறம் என்ன?"

சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒரு வரியைச் சத்தமாக வாசித்தான். தொண்டையிலிருந்து வருகிற, கேட்டிராத ஓசைகள். பிறகு தமிழில் சொன்னான். "நீளமான சட்டம் ரெண்டையும் எதிரெதிரா வைக்கணும். எட்டாம் நம்பர் போல்ட்டால இறுக்கணும்."

கோபம் இருந்தாலும், அக்காவுக்கு அந்த நிமிடம் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. பள்ளிக்கூடத்தில் ஒரு கடிதம் உருப்படியாக எழுதத் தெரியாமல் அடி வாங்கினவன், இன்னொரு தேசத்து எழுத்தைக் கடகடவென்று வாசிக்கிறானே என்று நினைத்தாள். எல் எழுத்து மாதிரி வளைந்த சாவியை எடுத்து, அவன் சொல்லச் சொல்ல முடுக்க ஆரம்பித்தாள்.

பன்னிரண்டு மணிக்குக் கட்டில் மாதிரி ஒன்று எழுந்து நின்றது. ஆனால் தொட்டால் ஆடியது. தலை உயர்த்தும் கைப்பிடி கால்மாட்டில் இருந்தது. "அந்த ஊர்க்காரங்க அப்படித்தான் வெப்பாங்க" என்றான் தம்பி. பக்கப்பலகையின் துளைகளும் சட்டத்தின் துளைகளும் ஒன்றையொன்று பார்க்கவே இல்லை. ஒரு விரல்கடை விலகி நின்றன. "ஃபேக்டரில தப்பா துளை போட்டிருக்கான்" என்று சொல்லிவிட்டு, அக்கா தடுப்பதற்குள் சுத்தியலை எடுத்து ஓர் அடி போட்டான். பலகை நீளவாக்கில் வெடித்தது.

இரண்டு பேரும் அந்த விரிசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இந்த இடத்துக்கு என்ன போட்டிருக்குன்னு மறுபடி படி" என்றாள் அக்கா.

அவன் படித்தான். "பக்கப்பலகையை எட்டாம் நம்பர் போல்ட்டால..."

"எட்டா?"

"எட்டு."

"எண்ணு எல்லா ஊர்லயும் எண்ணுதானடா. இந்தப் பக்கத்துல எங்கயும் எட்டே இல்லையே. இங்க அறுபதுன்னு போட்டிருக்கு."

தம்பி புத்தகத்தை லேசாகத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான். அக்கா அதைப் பிடுங்கினாள். தன் ஃபோனை எடுத்தாள். பயிற்சிக்கு வருகிறவர்களில் ஒருத்தி காட்டிக்கொடுத்திருந்தாள்: எந்த எழுத்தின் மேல் காமிராவைப் பிடித்தாலும் தமிழாக்கிக் காட்டும். காலையிலேயே அதை எடுக்கப் போனாள். "அது கண்டதையும் உளறும், நான் இருக்கேன்ல" என்று இவன்தான் தடுத்தான்.

ஃபோன் உளறத்தான் செய்தது. ஆனால் உளறலிலும் விஷயம் இருந்தது. "உங்கள் படுக்கையை ஈரத் துணியால் அன்பாகத் துடைக்கவும். அறுபது பாகை வெந்நீரில் தலையணை குளிக்கலாம். பூனை கடித்தால் உத்தரவாதம் இறந்துபோகும்."

அக்கா அதை வாய்விட்டு வாசித்தாள். இரண்டு முறை வாசித்தாள். வேறு நாளாக இருந்தால் இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பார்கள்.

"ரெண்டு மணி நேரமா நீ படிச்சது கட்டில் துடைக்கிற பக்கமா?"

தம்பி தரையைப் பார்த்தான். "பேச வரும்க்கா. கொஞ்சம். படிக்கத்தான் சரியா..."

"எவ்வளவு கொஞ்சம்?"

அவன் ஒரு திருகை எடுத்து விரலில் உருட்டினான்.

"பதினொரு வருஷம்! பதினொரு வருஷத்துல ஒரு கிளி பேசியிருக்கும். அப்போ காலைல தொண்டையை உருட்டி வாசிச்சியே, அது என்ன?"

"பஸ்ல அறிவிப்பு சொல்வாங்க. கடைல சொல்றது. காதுல விழுந்ததுதான்."

கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. அவன் வேலை செய்வது குளிர்பதனக் கிடங்கில். மீனை எடை போட்டுப் பெட்டியில் அடுக்குவது. மேற்பார்வையாளர் என்று சொன்னது பொய். கூட இருக்கும் இருபது பேரும் தமிழ். மேஸ்திரி ஒருவன்தான் அந்த ஊர்க்காரன், அவனும் கையைக் காட்டுவான், விசில் அடிப்பான். கிடங்கு, அறை, கிடங்கு. கடையில் பொருளை எடுத்து நீட்டினால் போதும். யாரோடு எதைப் பேச?

"சொல்லியிருக்கலாம்லடா. மீன் அடுக்கறேன்னு சொன்னா நாங்க என்ன தலையை வாங்கியிருப்போமா?"

"அப்பா எல்லார்கிட்டயும் பெருமையா..."

"அப்பாவை இழுக்காத."

அவள் எழுந்தாள். ஜன்னல்வரை போனாள். வெடித்த பலகைக்கு என்ன செய்வது, நாலு மணிக்கு அப்பாவை எங்கே உட்காரவைப்பது என்றெல்லாம் ஓடிய மனம் சட்டென்று ஓரிடத்தில் நின்றது. திரும்பினாள்.

"அந்த டாக்டர்கிட்ட நீ என்ன பாஷையில பேசின?"

தம்பியின் முகம் வெளுத்துப்போனது. அதைப் பார்த்ததும் அவளுக்குப் பதில் தெரிந்துவிட்டது. ஆனாலும் அவன் வாயால் வரவேண்டும் என்று நின்றாள்.

மூன்று வருடத்துக்கு முன்னால் அப்பாவின் நடை விந்த ஆரம்பித்தபோது, இங்குள்ள எலும்பு டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, உடனே மூட்டை மாற்றிவிடலாம், இப்போது தசை நன்றாக இருக்கிறது, தள்ளிப்போட வேண்டாம் என்று சொன்னார். தேதியும் கொடுத்தார். எதற்கும் இன்னொருவரைக் கேட்போமே என்று அக்கா எக்ஸ்ரே படத்தைத் தம்பிக்கு அனுப்பினாள். நாலாம் நாள் அவன் பேசினான். அங்கே இருக்கிற பெரிய டாக்டரிடம் காட்டிவிட்டானாம், இந்த வயதில் கத்தி வைக்கவே கூடாது, பயிற்சி செய்தாலே போதும் என்றாராம். பெரிய நாடு, பெரிய டாக்டர். அக்காவே ஆஸ்பத்திரிக்குப் போய், ஆபரேஷன் வேண்டாம் என்று எழுதிக்கொடுத்துவிட்டு வந்தாள். அதன்பின் சில வாரம் கைத்தடி. பின் சில வாரம் பிடித்து நடக்கும் சட்டம். பின் அவள் கழுத்து.

"போனேன்க்கா. சத்தியமா போனேன்" என்றான் தம்பி. "படத்தை ஃபோன்ல வெச்சுக்கிட்டு ஆஸ்பத்திரிக்குள்ள போய் நின்னேன். கண்ணாடிக்குப் பின்னாடி ஒரு பொண்ணு என்னவோ கேட்டா. திரும்பவும் கேட்டா. எனக்கு ஒண்ணும் புரியல. பின்னாடி வரிசை சேர்ந்துடுச்சு. எல்லாரும் என்னையே பாத்தாங்க. வந்துட்டேன்."

"அப்புறம்?"

"நீ தினமும் ஃபோன் பண்ணிக் கேட்டுட்டே இருந்தே. காட்டிட்டேன்னு சொல்லிட்டேன்."

"கத்தி வைக்கக் கூடாதுன்னு யார் சொன்னது?"

"கூட வேலை செய்யறவன். அவன் பெரியப்பாவுக்கு அப்படித்தான் சொன்னாங்களாம்."

அக்கா கத்துவாள் என்று எதிர்பார்த்து அவன் தோளைக் குறுக்கிக்கொண்டிருந்தான். அவள் கத்தவில்லை. கையில் இருந்த இரும்புச் சாவி உள்ளங்கையில் பதிந்து வலித்தது. ஒரு நாளைக்கு ஆறு தடவை, வருடத்துக்கு எத்தனை, மூன்று வருடத்துக்கு எத்தனை என்று மனம் பெருக்கிக்கொண்டே போனது. குளியலறையில் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்ளும் அப்பாவின் முகம். பெண்ணிடம் சொல்லக் கூச்சப்பட்டு அடக்கி அடக்கி, ஒரு நாள் முடியாமல் போய், அதற்காக அவர் அழுதது. எல்லாம் எவனோ ஒரு மீன் அடுக்குகிறவனின் பெரியப்பாவுக்கு யாரோ சொன்னதற்காக.

"கழற்று" என்றாள்.

"அக்கா..."

"எல்லாத்தையும் கழற்று. ஒரு திருகு பாக்கி இருக்கக் கூடாது. நான் படிக்கறேன், நீ எடுத்துக் குடு. உன் வாய் திறக்கக் கூடாது."

ஃபோனைப் பக்கத்துக்குப் பக்கம் பிடித்து அவளே வாசித்தாள். "தலைப் பெண்ணைக் கால் ஆணுக்கு முன் நிறுத்த வேண்டாம்" என்று வந்தது. படத்தோடு ஒட்டிப் பார்த்தாள். குழிவான சட்டம் தலைக்கு, முனை நீண்டது காலுக்கு. "முளை பெருமூச்சு விடும்வரை அடிக்கவும்" என்றால், மரக்குச்சி முழுக்க இறங்கும்வரை. வெடித்த பலகைக்கு இரும்புப் பட்டை வாங்கிவரத் தம்பியைத் தெருமுனைக் கடைக்கு விரட்டினாள். "அங்க நம்ம பாஷைதான் பேசுவாங்க, பயப்படாமப் போ" என்று வாசல்வரை கேட்கச் சொன்னாள். அவன் போய் வாங்கிவந்தான். பசை தடவி, பட்டை வைத்து முடுக்கினார்கள். மதியம் இரண்டு பேரும் சாப்பிடவில்லை. கட்டில் ஆடாமல் நின்றபோது மூன்றே முக்கால். கைப்பிடியைச் சுற்றினாள். தலைப்பக்கம் சத்தமில்லாமல் உயர்ந்தது. நல்ல கட்டில். அதற்கும் அவளுக்கு ஆத்திரம் வந்தது.

"அப்பா இதுல படுக்கறதுக்கு முன்னாடி நீ அவர்கிட்ட சொல்லணும்" என்றாள். "நான் சொல்ல மாட்டேன். நீ."

நாலு மணிக்கு வேன் ஓட்டுநரும் உதவியாளரும் அப்பாவை நாற்காலியோடு தூக்கிவந்து அறையில் வைத்துவிட்டுப் போனார்கள். அப்பா கட்டிலைப் பார்த்து மலர்ந்தார். "அடேயப்பா! ஆஸ்பத்திரியிலகூட இப்படி இல்லையே! ஏத்திவிடுங்க பாக்கலாம்."

"இருங்கப்பா. இவன் ஒண்ணு சொல்லணுமாம்."

தம்பி சொன்னான். கிடங்கையும் சொன்னான், கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண்ணையும் சொன்னான். அப்பா கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். பிறகு பெருமூச்சு விட்டார்.

"சரி விடு. எனக்கும் கத்தின்னா பயம்தான்டா. நீ வேண்டாம்னதும் நிம்மதியா இருந்துச்சு. அதுக்கப்புறம் நம்ம வீட்டுக்கே இங்க டாக்டர் ஃபோன் பண்ணி ரெண்டு தடவை கூப்பிட்டார், வாங்க, இன்னும் தாமதம் ஆகல, உடனே பண்ணிடலாம்னு. வெளிநாட்டுல என் பையன் பெரிய டாக்டரையே கேட்டுட்டான்னு சொல்லி நான்தான் வெச்சுட்டேன்." அக்காவைப் பார்த்தார். "தெரியாமச் சொல்லிட்டான்மா. பாவம், அந்தக் குளிர்ல மீன் அடுக்கறான். பத்து நாள்ல திரும்பிப் போகப் போறவன், அவனைப் போட்டு வறுக்காத."

தம்பி அப்பாவின் காலருகே உட்கார்ந்து அழுதான். அப்பா அவன் தலையில் கை வைத்தார்.

அக்கா நின்ற இடத்திலேயே நின்றாள். அவர்கள் இருவரும் ஒருவரையொருவர் மன்னித்துக்கொண்டுவிட்டார்கள். அது முடிந்துவிட்டது. அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

"ரெண்டு தடவை ஃபோன் வந்துச்சா?" என்றாள். குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "வந்துச்சு, நீங்க சொல்லல. அவனும் சொல்லல. ரெண்டு பேருக்கும் பயம். ஒருத்தருக்குக் கத்தி பயம், ஒருத்தனுக்கு ஒரு பொண்ணு கேட்ட கேள்வி பயம். உங்க ரெண்டு பேர் பயத்தையும் மூணு வருஷமா தூக்கினது யாரு? என் இடுப்பு எப்படி இருக்குன்னு ஒரு நாள் கேட்டீங்களா? என்கிட்ட யாருமே மன்னிப்பு கேக்கல, நான் யாரை மன்னிக்கணும்?"

"ஏம்மா, பெத்த அப்பனைத் தூக்கினதுக்குக் கணக்கா?"

"தூக்கினதுக்கு இல்லப்பா. தூக்காம இருந்திருக்கலாம்கறதை மறைச்சதுக்கு."

அப்பா முகத்தைக் கட்டில் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அவள் உள்ளே போய் இரண்டு நாள் உடுப்பை எடுத்துப் பையில் வைத்தாள். பிறகு ஏழெட்டு நாளுக்கும் சேர்த்து வைத்தாள். மேசையில் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதினாள். எழுப்பும்போது எந்தப் பக்கம் நிற்க வேண்டும், எந்தத் தோளைக் கொடுக்க வேண்டும், எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன், குளிப்பாட்டும்போது ஸ்டூலை எங்கே போட வேண்டும், அவர் பேசாமல் சுவரைப் பார்த்தால் என்ன அர்த்தம். இரண்டு பக்கம் வந்தது. கொண்டுபோய்த் தம்பியின் கையில் திணித்தாள்.

"எனக்கு இதெல்லாம் தெரியாதேக்கா."

"தமிழ்லதான் எழுதியிருக்கேன். படி."

பையைத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினாள். பயிற்சிப் பள்ளி அலுவலகத்தில் பணம் வாங்கும் இடத்தில் இருப்பவள் தனியாகக் குடியிருந்தாள். அக்கா அவள் வீட்டுக் கூடத்தில் படுத்துக்கொண்டாள். முதல் மூன்று நாள் ஃபோனை எடுக்கவில்லை. வண்டியில் புதிதாகக் கற்றுக்கொள்ள வந்த ஒரு வங்கிக்காரர் கியரைக் கரகரவென்று அரைத்தபோது, இந்த வேலையில் முதல் தடவையாகச் சத்தம் போட்டுத் திட்டிவிட்டாள். பிறகு வண்டியை ஓரங்கட்டச் சொல்லி, மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள். அவர் பெரிய மனிதர், "வீட்ல ஏதாவது பிரச்சனையா மேடம்?" என்றார். "ஆமாங்க" என்றாள்.

நாலாம் நாள் தம்பியிடமிருந்து ஒரு செய்தி வந்திருந்தது. அழைப்பு அல்ல. தட்டெழுதியது, எழுத்துப் பிழையோடு. அப்பாவைத் தனியாகவே எலும்பு டாக்டரிடம் அழைத்துப் போயிருக்கிறான். தான் சொன்ன பொய்யை டாக்டரிடமும் சொன்னானாம். டாக்டர் திட்டவில்லையாம். இப்போதும் செய்யலாம், ஆனால் அன்று செய்திருந்தால் வந்திருக்கக்கூடிய நடை வராது, கைத்தடி இல்லாமல் நடக்க முடியாது என்றாராம். அப்பா சரி என்றுவிட்டாராம். தேதி குறித்தாகிவிட்டது. கடைசியில் ஒரு வரி: "என் முதுகு ஒடஞ்சுபோச்சு அக்கா. நீ எப்படி மூணு வருசம்?"

அந்தக் கேள்விக்கு அவள் பதில் அனுப்பவில்லை. ஆபரேஷன் அன்று காலை ஆஸ்பத்திரிக்குப் போனாள். தம்பி விமானச் சீட்டை ரத்து செய்திருந்தான். கிடங்கில் அவன் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டதாகச் சொன்னான். அவளும் அவனும் நடைகூடத்து நாற்காலியில் ஒரு நாற்காலி விட்டு உட்கார்ந்தார்கள். அப்பாவைக் கொண்டுபோகும் முன், அவர் பயந்த முகத்தோடு அக்காவின் கையைத் தேடினார். கொடுத்தாள்.

ஆபரேஷன் முடிந்ததும் அவள் வீட்டுக்குத் திரும்பினாள். இரண்டு மாதம் ஆயிற்று. தம்பி உள்ளூரில் ஒரு மீன் மொத்தக் கடையில் சேர்ந்து, அப்பாவைப் பார்த்துக்கொள்வதில் காலை மாலையை அவளும் இரவை அவனுமாகப் பிரித்துக்கொண்டார்கள். அவனோடு தேவைக்கு மட்டும் பேசினாள். கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி, அப்பா தானாகவே எழுந்து உட்காரப் பழகினார். பிறகு தடியை ஊன்றி, ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து, அறைக்குள் நடந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அவள் அடுப்படியில் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தபோது அப்பா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்.

"இன்னும் கோபமா இருக்கியாம்மா?"

பொய் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. இந்த வீட்டில் அது போதுமான அளவுக்குச் சொல்லியாகிவிட்டது.

"ஆமாம்ப்பா. இருக்கு."

"எம்மேலயா, அவன்மேலயா?"

"ரெண்டு பேர்மேலயும். கொஞ்சம் எம்மேலயும்."

அப்பா தலையாட்டினார். சமாதானம் எதுவும் சொல்லவில்லை. அது அவளுக்குப் பிடித்திருந்தது. தடியை ஊன்றித் திரும்பி, நிதானமாகக் குளியலறைக்குப் போனார். உள்ளேயிருந்து அவர் தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. அவள் தன் தேநீரை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்து, சூடு ஆறுவதற்குள் குடித்து முடித்தாள்.